போர்டைச் சுற்றி நிற்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னைப் புறநகரில் நூற்றிருபது வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் நான். தரைத்தளத்தில் ஓர் அறையில் இரண்டு கேரம் போர்டுகள் கிடக்கின்றன. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிட்டயர் ஆனவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். எட்டு மணி வரை சத்தம், பவுடர், டீ கப். என் அப்பாவும் அதில் ஒருவர். அறையை ஜிம் ஆக்க வேண்டும் என்று இளம் குடும்பங்கள் கேட்கின்றன. இன்னும் சிலர், மாதாந்திரப் போட்டி, நுழைவுக் கட்டணம், தரவரிசை என்று ஒழுங்குபடுத்தினால் கேரமே இருக்கட்டும் என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. “தினமும் மூணு மணி நேரம் அப்படி என்னப்பா பேசுவீங்க?” என்று அப்பாவிடம் கேட்டேன். “ஒண்ணும் பேசமாட்டோம்டா” என்றார். இதனால் நிஜமாகவே ஏதாவது பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி உங்கள் அப்பா சொன்னதுதான். அதிலேயே பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடசென்னையில் வாடகைக்கு இருந்தேன். தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. கடை அடைத்ததும் வாசலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் போர்டைத் தூக்கி வைப்பார்கள். மேலே தகர மூடி போட்ட குண்டு பல்பு, தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கும். நாலு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் நிற்பார்கள். மரிய இருதயம் 1991இல் கேரமின் முதல் உலக சாம்பியன் ஆகியிருந்த நேரம். எங்கள் தெருவில் எவன் ஒழுங்காக ஒரு கட் அடித்தாலும் ‘இருதயம்டா’ என்று ஒரு குரல் வரும்.

அங்கே தினமும் வருகிறவர்களில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மகன், இருபது வயதுப் பையன், காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டான். காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் தெருமுனைக்கு வந்தார். போர்டுக்கு அருகே வராமல் விளக்குக் கம்பத்தின் ஓரமாக நின்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆட்டம் முடிந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, கையிலிருந்த பவுடரைக் கைலியில் துடைத்துக்கொண்டே, “அண்ணே, எனக்கு வேலை இருக்கு, உக்காருங்க” என்றான். அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவர் உட்கார்ந்தார். கை நடுங்கியது. ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் விழுந்து மைனஸ். ஒரு தடவை ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்து ஃபாலோவாகத் தன் காயின் ஒன்றைப் போட முடியாமல் ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. எதிரணிக்காரர்கள் அவருக்காக ஒரு காயினைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 25–6 என்று தோற்கடித்தார்கள். நான் அப்போது சின்ன வயது, ‘என்ன மனுஷங்க இவங்க’ என்று நினைத்தேன். விட்டுக்கொடுத்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. வீட்டிலும் வேலையிடத்திலும் அவரைப் பார்த்த எல்லோரும் மகனை இழந்தவராகப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இங்கே மட்டும்தான் அவர் கட் ஷாட் சரியாக வராத ஒரு ஆட்டக்காரர். மறுநாளும் வந்தார். பத்து நாள் கழித்து, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்துக்கொண்டே, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “பையன் இந்த ஷாட்ட நல்லா அடிப்பான்” என்றார். “ஆமாண்ணே” என்றான் அன்று இடம் விட்ட பையன். பேச்சு அவ்வளவுதான்.

கேரமின் அமைப்பே இதற்குத் தோதானது என்று நினைக்கிறேன். ஆடும் பரப்பு 29 அங்குலச் சதுரம்தான். நாலு பேர் முட்டியோடு முட்டி இடிக்கத்தான் உட்கார முடியும், ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் அடிக்கும்போது மூன்று பேர் சும்மா இருக்கிறார்கள். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் ‘பிரஷர் மாத்திரையை மாத்திட்டாரு டாக்டர்’, ‘பேரன் போனே பண்றதில்ல’ எல்லாம் வரும். எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று நம் அப்பாக்களை உட்கார வைத்தால், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில்தான் அவர்களுக்குப் பேச்சு வரும். அப்புறம், தோற்ற ஜோடி எழுந்திருக்க வேண்டும், காத்திருப்பவர்கள் உட்கார வேண்டும் என்று ஒரு வழக்கம். இந்த ஒரு வழக்கத்தால், பி பிளாக்கில் நேற்றுக் குடிவந்தவரும் எழுதாத சட்டப்படி அரை மணி நேரத்தில் உங்கள் அப்பாவுக்குப் பார்ட்னர்.

பொதுக்குழுவில் காட்ட ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றால், ஒன்று இருக்கிறது. 2003இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். படிப்பது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது, பலகை விளையாட்டு ஆடுவது ஆகியவற்றில் அதிகம் ஈடுபட்டவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆனால் இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். ஞாபகம் மங்கத் தொடங்கியவர் தானாகவே ஆட்டத்தை விட்டிருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று இது போன்ற ஆய்வை வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. டிமென்ஷியா வராது என்று சொல்லி என் அப்பாவைக் கேரம் ஆடக் கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருக்கவும் மாட்டார்.

தரவரிசை விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்கு நான் எதிரி இல்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா மூன்று தங்கம் வாங்கினார், அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அதெல்லாம் பெரிய விஷயம், அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. உங்கள் அறை அந்த இடம் இல்லை. அங்கே சுவரில் தரவரிசையை ஒட்டினால் அடுத்த மாதமே முதல் நாலு பேர்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். கை நடுங்குகிறவர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நுழைவுக் கட்டணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் சைக்கிள் கடை வாசலிலேயே பிற்பாடு பெட் கட்டி ஆடத் தொடங்கினார்கள். ஒரு ராத்திரி போர்டு உடைந்தது, ஒருவன் மண்டையும் உடைந்தது. அத்தோடு அந்த பல்பையும் கழற்றிவிட்டார்கள்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் அந்த போர்டைச் சுற்றி ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை. இளவழகியும் காசிமாவும் வந்த அதே வடசென்னைதான். பெண்களுக்கு இருந்ததெல்லாம் வீட்டுக்குள் தாயக்கட்டம். மத்தியானத்தில் என் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டுவார்கள். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. என் அம்மாவுக்குத் தாயமே விழாது, அவர் வாயிலிருந்து வருகிற வசவையெல்லாம் நான் கேட்டது அப்போது மட்டும்தான். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். உங்கள் அறையில் ஐந்திலிருந்து எட்டு வரை ஆண்கள் மட்டும்தானே? உங்கள் அம்மா அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று கடிதத்தில் இல்லை. இரண்டு போர்டில் ஒன்றைப் பெண்கள் எடுத்துக்கொள்ளட்டும். அப்பாக்கள் முணுமுணுப்பார்கள், சரியாகிவிடும்.

ஜிம் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் மெயின்டனன்ஸ் கட்டுகிறார்கள். டிரெட்மில்லை மாடியில் ஷெட் போட்டு வைக்க முடியுமா என்று பாருங்கள். பவுடர் தரையில் கொட்டுவதுதான் பிரச்சினை என்றால் கீழே ஒரு பழைய பெட்ஷீட் போதும். எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

சங்கப் பணத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்ச் வாங்கிப் போடுங்கள். ஆடுகிறவர்களுக்கு இல்லை, சுற்றி நிற்கிறவர்களுக்கு.