பயணக் காசு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்கழித் திருவாதிரைக்கு அம்மாவைச் சிதம்பரம் கூட்டிப்போகிறேன். இலங்கைக் காசைக் கொண்டுபோய்ச் சென்னையில் மாற்றலாமா? முன்பு போனபோது மிஞ்சிய இந்தியத் தாள்களும் அம்மாவின் அலுமாரியில் கிடக்கின்றன. ஆயிரம் ரூபா நாலு, இரண்டாயிரம் ஒன்று. (வாசகி, உவர்மலை)

பதில்: முதலில் அலுமாரிக் கணக்கை முடிப்போம், தங்கச்சி. ஆயிரம் ரூபாத் தாள்கள் 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவோடு செல்லாமல் போனவை. மாற்றக் கொடுத்த தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள். இரண்டாயிரம் வேறு கதை. 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் வாங்க மாட்டார், ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். ஒரு தாளுக்காக வயதான மனுஷியை அலைய வைக்காதீர்கள்.

இலங்கை ரூபாவை நம்பிப் போகவே வேண்டாம். விமான நிலையத்தில் யாராவது வாங்கினாலும் வயிறெரியும் விலைதான் தருவார்கள். இங்கேயே வங்கியில் கடவுச்சீட்டையும் விமானச் சீட்டையும் காட்டி அமெரிக்க டொலர் வாங்குங்கள். வாங்கும்போது வெட்கப்படாமல் ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். வங்கிக் கவுண்டரில் நான் இருந்த காலத்தில் உப்புவெளி விடுதிக்காரர்கள் கொண்டுவந்த டொலர்கள் கண்ணுக்குள் நிற்கின்றன: நாலாக மடித்து நடுவில் வெடித்தவை, மூலையில் பேனாவால் கணக்கெழுதியவை, கடல் ஈரம் குடித்து ஊறியவை. காசு நல்ல காசுதான், ஆனால் மாற்றுகிறவர் முகம் சுளிப்பார், இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார். நூறு டொலர் தாளில் நடுவே நீலப் பட்டி ஓடுகிறதா பாருங்கள். அது 2013இல் வந்த புதிய தாள், அதற்கு எங்கும் மரியாதை.

சென்னையில் இறங்கியதும் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானதை மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தை நகருக்குள் மாற்றலாம். 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம், அது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "நூறு டொலருக்குக் கையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், நூறு ரூபாத் தாள்களாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். அங்கே தேநீர்க் கடையில்கூட எல்லோரும் கைத்தொலைபேசியால்தான் காசு கட்டுகிறார்கள், ஐந்நூறுக்குச் சில்லறை தேடுவது பெரும்பாடு. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மிஞ்சிய ரூபாவைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.

கேள்வி: மகனிடம் டுபாய் போகிறேன். கடை மெசினில் கார்டைப் போட்டால் இலங்கை ரூபாவா, திர்ஹமா என்று கேட்குமாமே? (வாசகர், மூதூர்)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு திர்ஹமை அமத்துங்கள். ரூபாவை அமத்தினால் மெசின்காரர் தன் இஷ்டத்துக்கு விலை போடுவார். டொலர் கொண்டுபோனால் கணக்குச் சுலபம்: ஒரு டொலர் கிட்டத்தட்ட 3.67 திர்ஹம், 1997இலிருந்து அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு நன்றாகக் குறைத்துச் சொல்லும் கடையை விட்டு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: மிஞ்சும் வெளிநாட்டுச் சில்லறையை ஊரில் மாற்றலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: தாள் என்றால் வாங்குவார்கள், குற்றியைத் தொடவும் மாட்டார்கள். விமானம் ஏறுமுன் தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தீர்த்துவிடுங்கள்.