நிறை நிறமாலைமானி வாங்கப் போகிறீர்களா?

மூலக்கூறுகளின் நிறையை அளந்து பொருளை இனங்காட்டும் கருவி நிறை நிறமாலைமானி. பல்கலைக்கழகத்தில் பல துறைகளுக்குப் பொதுவாக அதை வாங்குவது பற்றிய கேள்விகளுக்கு ஆய்வகப் பொறுப்பாளரின் பதில்கள்.

வேதியியல், உயிரியல், தொல்லியல் மூன்றுக்கும் ஒரே கருவி போதுமா?

புரதத்துக்கும் சிறு மூலக்கூறுக்கும் ஒரே கருவி பெரும்பாலும் ஈடுகொடுக்கும். பானை ஓட்டில் ஊறிய கொழுப்பை ஆராய்பவருக்கு வாயு குரோமட்டோகிராபி (கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் முறை) இணைந்த கருவி வசதி. உலோகத்தில் ஈய ஐசோடோப்பு விகிதம் வேண்டுமென்றால் அதற்கான கருவி முற்றிலும் வேறு இனம். விலைப்புள்ளி கேட்கும் முன்பே ஒவ்வொரு துறையிடமும் நிஜ மாதிரிகளை வாங்கி, தயாரிப்பாளரின் ஆய்வகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் சுத்தமான மாதிரியில் எந்தக் கருவியும் ஜொலிக்கும்.

பிரிதிறன் எவ்வளவு வேண்டும்?

கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் இரண்டின் நிறையும் 28 என்போம். துல்லியமாக அளந்தால் 27.995, 28.006. இவற்றைப் பிரித்துக் காட்ட ஏறத்தாழ 2,500 பிரிதிறன் (நிறையை நிறை வேறுபாட்டால் வகுத்த எண்) தேவை. இனந்தெரியாத பொருளைத் தேடுபவருக்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும். ரத்தத்தில் தெரிந்த மருந்தின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு மூன்று நிறை வடிகட்டிகள் வரிசையாக அமைந்த ‘ட்ரிபிள் குவாட்ரபோல்’ வகைக் கருவியே போதும்.

விலைக்கு மேல் என்ன செலவு?

பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கை எட்டக்கூடும். நைட்ரஜன், யுபிஎஸ், குளிரூட்டல், பம்ப்பின் புகையை வெளியேற்றும் குழாய் எல்லாம் தனி. மின்சாரம் போய்க் கருவிக்குள் இருக்கும் வெற்றிடம் குலைந்தால், அது பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். லிஃப்ட், கதவு இவற்றின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

எல்லாத் துறையினரும் தாங்களே மாதிரியை ஏற்றலாமா?

பயிற்சி இல்லாமல் வேண்டாம். ஒருநாள் காலை எங்கள் திரையில் 44 நிறை அலகு இடைவெளியில், சீப்பின் பற்கள் போலச் சிகரங்கள் வரிசையாக நின்றன. செல்களை உடைக்கப் பயன்படுத்திய ட்ரைட்டன் என்ற சோப்புப்பொருளை நீக்காமலே யாரோ மாதிரியை ஏற்றியிருந்தார்கள். மூன்று நாள் கழுவினோம். மற்றவர்கள் வேலை நின்றது. உப்பும் ஃபாஸ்பேட்டும்கூட எதிரிகள்தாம்.

ஆய்வு மாணவர் ஒருவரை இயக்கச் சொன்னால் போதாதா?

போதாது. அவர் பட்டம் பெற்றுப் போகும்போது கருவியின் பழக்கவழக்கமெல்லாம் அவரோடு போய்விடும். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். கருவியை இயக்குபவருக்கான நிரந்தரப் பணியிடத்துக்கு ஒப்புதல் வரும்வரை கொள்முதல் ஆணையில் கையெழுத்திடாதீர்கள்.