ஜார்கண்ட் முண்டா கிராமத்துல ஊழியம் பண்ற குடும்பம்: நிலம் வாங்கலாமா, ஞானஸ்நானம் குடுக்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்கு தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். மிஷனரி ஊழியத்துக்காக ரெண்டு புள்ளைங்களோட ஜார்கண்ட் குந்தி மாவட்டத்துல ஒரு முண்டா பழங்குடி கிராமத்துக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு, மழைன்னா ஒழுகுது. வீட்டுக்காரரே 10 டிசிமல் (நம்ம கணக்குல 10 சென்ட்) நிலம் தர்றேன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்குடுத்து 40,000 ரூபா அட்வான்ஸ் வாங்கிருக்கார். மூணு குடும்பம் ஞானஸ்நானம் கேக்குறாங்க. நாலு பொம்பளப் புள்ளைங்கள ஜூன்ல நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம். வீட்ல நர்ஸ், கேக்குறவங்களுக்கு மாத்திரை குடுக்குறாங்க. இதுல ஏதும் சிக்கல் வருமா?

பதில்: தம்பி, மொதல்ல நிலத்த விடுங்க. மீதிப் பணம் ஒரு பைசா குடுக்காதீங்க.

அங்க இருக்கறது சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், 1908ல வந்தது. அதோட 46வது பிரிவுப்படி ஒரு பழங்குடி தன் நிலத்த இன்னொரு பழங்குடிக்குத்தான் விக்க முடியும், அதுவும் அதே போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள்ள குடியிருக்கறவருக்கு, அதுவும் டெபுடி கமிஷனர் (நம்மூர் கலெக்டர்தான்) முன்கூட்டியே அனுமதி குடுத்தா. ராஞ்சியில இருந்து வர்ற இன்னொரு முண்டாவே வாங்க முடியாதுன்னா நாசரேத்துக்காரர் எங்க வாங்கறது. உங்க கையில இருக்கற பேப்பருக்கு அந்தப் பக்கம் சாதா பட்டான்னு பேரு, ஊர் முழுக்க அப்படித்தான் வாங்குறாங்கன்னு உங்ககிட்ட சொல்லிருப்பாங்க, வாங்குறாங்க உண்மைதான், ஆனா 71ஏ பிரிவுல அந்த வீட்டுக்காரரோ நாளைக்கு அவர் புள்ளையோ மனு குடுத்தா உங்கள வெளியேத்தி நிலத்த திருப்பிக் குடுத்துருவாங்க, நஷ்டஈடு கிடையாது. நிலம் முண்டாரி கூண்ட்கட்டி வகையா (காட்டத் திருத்தி ஊர் உண்டாக்குன வம்சத்துக்குச் சொந்தமான நிலம்) இருந்தா இன்னும் கெடுபிடி. பதிவேட்டுக்கு அங்க கத்தியான்னு பேரு, அதப் பாத்தா தெரிஞ்சிரும்.

அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும், உள்ளூர் விசுவாசி பேர்ல வாங்கிக்கலாமேன்னு. அது பினாமி. 1 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், மார்க்கெட் விலையில 25 சதவீதம் வரை அபராதம். அந்த விசுவாசியும் சேந்து மாட்டுவார்.

இன்னொண்ணு சொல்லணும், இந்தச் சட்டம் மிஷனரிங்களுக்கு எதிரா வந்ததுன்னு நம்மாளுங்க சிலர் பேசுறாங்க. வெள்ளக்காரங்களுக்கு எதிரா நடந்த பிர்சா முண்டா எழுச்சிக்கு அப்புறம் இத எழுதுறப்போ கூட நின்னவரே ஹாஃப்மன்னு ஒரு ஜெசூயிட் பாதிரியார்தான். அவருக்கு முன்னாடி லீவென்ஸ் பாதர் முண்டா ஜனங்களோட நில வழக்குகளுக்காக கோர்ட் வாசல்லயே கெடந்தவர். அங்க சபை வளந்ததுல அந்த வழக்குகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. நீங்க அதே ஊர்ல சாதா பட்டாவோட நின்னா எப்படி இருக்கும் பாருங்க.

வாடகையிலேயே இருங்க. 11 மாசத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் போட்டு, ஓடு மாத்துற செலவ நீங்க பண்ணி வாடகையில கழிச்சுக்குறதா அதுலயே எழுதிக்கங்க. அந்த 40,000த்தையும் இப்படியே கழிக்கச் சொல்லிப் பாருங்க, கையில காசு இருக்காது பாவம், போலீசு கேசுன்னு மிரட்டிறாதீங்க.

ஞானஸ்நானம். ஜார்கண்ட்ல 2017ல மதச் சுதந்திரச் சட்டம் வந்துச்சு. மதமாற்றச் சடங்கு நடத்துறவர் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், மாறுனவங்களும் தகவல் குடுக்கணும். அவங்களா கேட்டாங்க, நான் வற்புறுத்தலன்றது அனுமதி வாங்காததுக்கு பதில் ஆகாது, அதுக்குத் தனியா 1 வருஷம் வரை தண்டனை இருக்கு. பலவந்தம், ஆசை காட்டுதல்னு வந்தா 3 வருஷம் வரை, பெண்கள், சிறுவர், பழங்குடி, தலித்னா 4 வருஷம், 1 லட்சம் அபராதம் வரை போகும். நீங்க இருக்கற ஊர்ல எல்லாருமே பழங்குடிதானே, அப்ப 4 வருஷக் கணக்குதான். மதத்தப் பரப்புற உரிமையில மத்தவங்கள மாத்துற உரிமை அடங்காதுன்னு 1977லயே ஸ்டானிஸ்லாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, அதனால அரசியலமைப்புல மதச் சுதந்திரம் குடுக்கற 25வது பிரிவு இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க.

இந்தச் சட்டத்துல பலவந்தம்ன்ற விளக்கத்துக்குள்ள தெய்வ கோபம் வரும்னு மிரட்டுறதும் சேரும். ‘மனந்திரும்பலன்னா நரகம்’னு நம்ம கன்வென்ஷன்ல பேசுற பேச்ச அங்க அப்படியே பேசுனா யாராவது போன்ல ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தாப் போதும். ஆசை காட்டுதலுக்குள்ள பணம், பொருள், எந்த ஆதாயமும் வரும். அதான் உங்க வீட்டம்மா மாத்திரை குடுக்கறது எனக்குக் கவலையா இருக்கு. நர்ஸ் தானா மருந்து எழுதிக்குடுக்க முடியாது, அது ஒரு பக்கம், மாத்திரை குடுத்த கையோட தலையில கை வச்சு ஜெபம் பண்ணா ரெண்டும் சேந்து கேஸ் ஆயிரும். காய்ச்சல்காரங்கள ஊர் சஹியாகிட்ட (நம்மூர் ஆஷா) அனுப்பி, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகட்டும், அந்த உதவிய யாரும் குத்தம் சொல்ல முடியாது.

மதம் மாறுனா எஸ்டி சலுகை போயிருமான்னு அந்தக் குடும்பங்க கேப்பாங்க. எஸ்சிக்கு இருக்கற மாதிரி மதக் கட்டுப்பாடு எஸ்டிக்கு கிடையாது. ஆனா இனத்தோட வழக்கத்த முழுசா விட்டு வெளிய வந்துட்டாங்களான்னு கேள்வி வரலாம், அதனால கல்யாணம் சாவுன்னு ஊர் காரியம் எதுலயும் விலகி நிக்கச் சொல்லிக் குடுக்காதீங்க.

புள்ளைங்க விஷயம்தான் நீங்க போற போக்குல எழுதிருக்கீங்க, எனக்கு அதுதான் பெரிய பயம். ஜார்கண்ட்ல இருந்து சிறுமிங்கள வீட்டு வேலைக்குக் கடத்திட்டுப் போறது தீராத பிரச்சனை, அதனால நாலு சின்னப் புள்ளைங்களோட பெத்தவங்க இல்லாம ஒருத்தர் ரயில் ஏறுனாலே ரயில்வே போலீஸ் இறக்கி விசாரிக்கும், அவங்க வேலை அது. அப்பா அம்மா கைநாட்டு வச்ச லெட்டர் மட்டும் போதாது. வீட்லயே நாலஞ்சு பேர தங்க வச்சுக்கலாம்னு நினைச்சா அதுக்கும் 2015 சிறார் நீதிச் சட்டத்துல பதிவு வேணும், இல்லன்னா 1 வருஷம் வரை ஜெயில், அபராதமே 1 லட்சத்துக்குக் குறையாது. அங்கயே கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கும், 6ஆம் வகுப்புல இருந்து பொம்பளப் புள்ளைங்களுக்கு இலவசம், அதுக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுங்க.

இப்ப பண்ண வேண்டியது, கிராமத் தலைவரையும் (அவர் பதவிக்கும் அங்க முண்டான்னுதான் பேரு) பாஹன்னு சொல்ற ஊர்ப் பூசாரியையும் நேர்ல பாத்து நீங்க யாரு, எதுக்கு வந்திருக்கீங்கன்னு ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க, கிராம சபையில பேச இடம் குடுத்தா அங்கயும் சொல்லுங்க. ஸ்டேஷன்ல ஆதார் நகலோட ஒரு லெட்டர் குடுத்து சீல் வாங்கிக்கங்க. வெளிநாட்டுச் சபை எதுவும் உங்க அக்கவுண்ட்டுக்கு நேரா பணம் போட வேணாம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாம அது தொடவே கூடாத பணம். ஞானஸ்நான மனுவ மட்டும் நீங்களா எழுதிறாதீங்க, குந்தி கோர்ட்ல உள்ளூர் வக்கீல் ஒருத்தர வச்சு இந்தியில எழுதி, சடங்கு நடத்துறவரும் மூணு குடும்பமும் தனித்தனியா கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், பதில் கைக்கு வர்ற வரைக்கும் தேதி குறிக்காதீங்க.