மகள் பி53 பின்னால் போகட்டுமா?

அம்மா, உங்கள் மடல் கிடைத்தது. "டாக்டருக்குப் படி என்றால் பி53, கட்டி, ஆராய்ச்சி என்கிறாள். சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். முதலில் அவள் சொல்வது என்னவென்று பார்த்துவிடுவோம்.

உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அதில் எது எப்போது வேலை செய்யலாம் என்று முடிவு செய்பவை, டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள். மனிதரிடம் இவை சுமார் 1,600. பி53 அவற்றில் ஒன்று. டிஎன்ஏ சேதமானால் பி21 என்ற மரபணுவை முடுக்கிவிட்டு, செல் பிரிவதை நிறுத்தும். சேதம் கைமீறினால் செல்லையே சாகவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. மிக் என்ற புரதம் இதற்கு நேர்மாறு, செல்லைப் பிரியச் சொல்லி விரட்டும். பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மிக்கின் மரபணு 8ஆம் குரோமோசோமிலிருந்து பெயர்ந்து, பெரும்பாலும் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் என்ற வெள்ளையணுவில் அது ஓயாமல் இயங்கும் இடம். அப்புறம் மிக் எங்கே ஓயும்?

1979இல் பி53ஐக் கண்டுபிடித்தவர்கள், அது புற்றுநோயை வளர்க்கிறது என்றே நினைத்தார்கள். ஆய்வகங்களில் இருந்த பி53 மரபணுப் பிரதிகள் பழுதானவை என்று தெரிந்து, கருத்து தலைகீழாக மாறியது 1989 வாக்கில். பத்து வருடம்! உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. மதிப்பெண் எல்லாம் அப்புறம்.

வேலை உண்டு: மருந்து நிறுவனங்கள், மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், பல்கலைக்கழகங்கள். தனியாக ஆய்வு நடத்த பிஎச்.டி. வேண்டும், அதனால் சம்பாத்தியம் தாமதமாகும். அதை மறைக்க விரும்பவில்லை. மருத்துவம் படித்துவிட்டும் இதற்குள் வரலாம்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். "பயாலஜிதானே" என்று கணக்கைக் கைவிட விடாதீர்கள். ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கெங்கே ஒட்டியது என்று பார்க்கும் சிப்-சீக் சோதனையில், முடிவு டிஎன்ஏ எழுத்துகளாலான கோடிக்கணக்கான துண்டுகளாக வரும். புள்ளியியலும் கொஞ்சம் நிரலாக்கமும் தெரியாதவர் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் உதவிக்குப் போகட்டும். வளர்த்த செல்லில் பூஞ்சை பிடித்து, மூன்று வார வேலை குப்பைக்குப் போகும் நாள் எப்படியும் வரும். அன்று இரவு அவளிடம் பேசுங்கள். திட்டிக்கொண்டே, நாளைக்குச் செல் வளர்க்கப் புதுத் தட்டு போடுவதைப் பற்றிச் சொல்கிறாளென்றால், சரி, தடுக்காதீர்கள்.