வைக்கோல் கட்ட எந்த டிராக்டர்? கேள்வி பதில்

வைக்கோல், சோளத்தட்டு, புல் ஆகியவற்றைக் காயவைத்துக் கட்டி வைக்கும் சிறு பண்ணைக்காரர்களின் கேள்விகளுக்கு, ஒரத்தநாடு பக்கம் சொந்த வயலிலும் வாடகைக்கும் பேலர் (வைக்கோலை வாரிக் கட்டாகக் கட்டும் மிஷின்) ஓட்டும் விவசாயி ஒருவர் பதில் சொல்கிறார்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, 6 ஏக்கர் நஞ்சை, 10 கறவை மாடு. நம்ம வைக்கோலை நாமே கட்டிக்கொள்ள டிராக்டரும் பேலரும் வாங்கலாம்னு இருக்கேன். 45 எச்.பி. போதுமா, 50 வேணுமா?

எச்.பி.க்கு அப்புறம் வருவோம் தம்பி, முதலில் ஒரு கணக்கு போடுவோம். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் என்று வையுங்கள். 10 மாட்டுக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 22 டன். சின்ன உருளைக் கட்டு 20 கிலோ என்றால் 1,100 கட்டு. பேலர் மணிக்கு 40 கட்டுதான் போடும் என்று குறைத்து வைத்தாலும் மொத்தம் 28 மணி நேர வேலை. மூன்று, நான்கு நாள் ஓடிவிட்டு மீதி வருஷம் முழுக்க கொட்டகையில் நிற்கப்போகிற மிஷினுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கலாமா?

இன்னொன்று. ஏக்கருக்கு ஒரு டன் சேர்ந்தாலும் உங்கள் 6 ஏக்கரில் இரண்டு போகத்துக்கு 12 டன்தான் வரும். மீதி 10 டன்னை எப்படியும் வெளியில்தான் வாங்கப்போகிறீர்கள். ஆகவே டிராக்டரை உழவுக்கும் டிரெய்லருக்கும் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் என்று யோசித்து வாங்குங்கள். பேலரை வாடகைக்கு அழையுங்கள். அக்கம்பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவேன், சீசனில் ராப்பகலாக நிற்பேன் என்றால் மட்டும் பேலர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்படி முடிவு செய்தால், சின்ன உருளைக் கட்டு மிஷினுக்கு 40 எச்.பி. தாராளம். சதுரக் கட்டு மிஷினுக்கு 45 முதல் 50 வரை பாருங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: ஒரு ஷோரூமில் 47 எச்.பி. என்கிறார்கள், இன்னொன்றில் 45. விலை ஏறக்குறைய ஒன்றுதான். 47-ஐ எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பானெட்டில் ஒட்டியிருப்பது எஞ்சின் சக்தி. பேலரைச் சுழற்றுவது, எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. தண்டு. எஞ்சினிலிருந்து அங்கே போய்ச் சேரும்போது பத்தில் ஒரு பங்கு, சில வண்டிகளில் அதற்கும் மேல், வழியிலேயே போய்விடும். அதனால் 47 எச்.பி. வண்டியில் 40 கிடைக்கலாம், 45 எச்.பி. வண்டியிலும் அதே 40 கிடைக்கலாம். விவரத்தாளில் பி.டி.ஓ. எச்.பி. என்று தனி வரி இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று வரும்போது எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். அந்தச் சுற்றில் எந்த கியரில் மணிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும் என்பதும் முக்கியம். வைக்கோல் வரிசை தடிமனாக இருந்தால் மெதுவாகவும் மெலிந்திருந்தால் கொஞ்சம் வேகமாகவும் போகவேண்டும், ஆனால் பி.டி.ஓ. சுற்று மாறக்கூடாது. கீழ் கியர்கள் நெருக்கமாக உள்ள வண்டிதான் இதற்குத் தோது. எட்டு முன் கியர் வண்டியை விடப் பன்னிரண்டு கியர் வண்டியில் இந்த வேலை சுலபம். அந்த 2 எச்.பி. வித்தியாசம் வயலில் தெரியவே தெரியாது.

திருவாரூரிலிருந்து: எங்களிடம் ஒற்றை கிளட்ச் வண்டி இருக்கிறது. உருளை பேலர் மாட்டலாமா சார்?

மாட்டலாம், ஆனால் படாத பாடு படுவீர்கள். உருளை பேலரில் கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்தவேண்டும். வண்டி நிற்கும்போது பி.டி.ஓ. மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கயிறு சுற்றும். ஒற்றை கிளட்சை மிதித்தால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, கயிறு சுற்றி முடித்துக் கட்டை வெளியே தள்ளி, திரும்ப கிளட்ச் மிதித்து கியர் போடவேண்டும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தரம் இதைச் செய்தால் சாயங்காலம் கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

இரட்டை கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். அது போதும். பி.டி.ஓ.வுக்குத் தனி லீவர் வைத்த வண்டி இன்னும் உத்தமம். என்னைக் கேட்டால், வைக்கோல் கட்டும் வண்டிக்கு எச்.பி.யை விட இதுதான் முதல் விஷயம். ஒரே மாடலில்கூட ஒற்றை கிளட்ச், இரட்டை கிளட்ச் என்று இரண்டு வகை விற்கும். சில ஆயிரம் குறைகிறதே என்று ஒற்றையை எடுத்துவிடாதீர்கள்.

சதுரக் கட்டு மிஷின் நிற்காமலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு போகும் என்பதால் கிளட்ச் தொல்லை குறைவு. ஆனால் அந்த முடிச்சுப் போடும் பாகம் நுணுக்கமானது. கொஞ்சம் தேய்ந்தாலும் கட்டு கட்டாக அவிழும். அதைச் சரி செய்யத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். லாரியில் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு அடுக்க வசதி சதுரக் கட்டுதான், அதை மறுக்க முடியாது.

பேராவூரணியிலிருந்து: தென்னந்தோப்புக்கு வாங்கிய 27 எச்.பி. மினி டிராக்டர் இருக்கு. அதிலேயே வைக்கோல் கட்ட முடியுமா அண்ணா?

முடியும். மினி டிராக்டருக்கென்றே சின்ன உருளை பேலர்கள் வருகின்றன. வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். மினி வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பி.டி.ஓ. வேகம் வைத்திருப்பார்கள், 540-ல்தான் ஓட்டவேண்டும். அப்புறம், பேலரைப் பின்னால் தூக்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. வரப்பு ஏறும்போது மூக்கு தூக்கும். முன்னால் எடைக்கட்டி கட்டாயம் மாட்டுங்கள். அவசரப்படாமல் மெலிந்த வரிசையாக எடுத்தால் சொந்த வயலுக்குப் போதும். வாடகைக்கு ஓட்டும் எண்ணம் வேண்டாம்.

காங்கேயத்திலிருந்து: எங்களுக்கு நெல் கிடையாது. 8 ஏக்கர் கொறங்காடும் (மேய்ச்சல் காடு) 4 ஏக்கர் சோளத்தட்டும் இருக்கிறது. கொழுக்கட்டைப்புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்ட என்ன டிராக்டர், என்ன மிஷின் வேண்டும்? ஆள் கிடைப்பதே இல்லைங்க.

அம்மா, கொறங்காட்டுக்குள் புல் அறுக்கும் மிஷினை இறக்கவேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெள்வேல் மரம் நிற்கும், முள் கிடக்கும், சுண்ணாம்புக்கல் தலை நீட்டும். பிளேடு முதல் நாளே போகும், முன் டயர் இரண்டாம் நாள் பஞ்சர். அது மாடு மேய்வதற்கென்றே பெரியவர்கள் உண்டாக்கி வைத்த காடு, மேய்ச்சலுக்கே விட்டுவிடுங்கள். புல்லைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு ஏக்கரைக் கல் பொறுக்கி, மட்டம் செய்து, அதில் தனியாகக் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள்.

சோளத்தட்டுக்கு மிஷின் நன்றாக உதவும். பல் பல்லாக முன்னும் பின்னும் ஓடுகிற கட்டர் பார் அதிகம் சக்தி கேட்காது, 25 எச்.பி. வண்டியே இழுத்துவிடும். உருளை போலச் சுழலும் டிரம் மோவர் வேகமாக அறுக்கும், ஆனால் ஐந்தரை அடி அகலத்துக்கு 35 எச்.பி.க்கு மேல் வேண்டும். காய்ந்ததை வரிசையாகக் கூட்ட ஸ்டார் வீல் ரேக் என்று ஒன்று இருக்கிறது. அது தரையில் உருண்டே சுற்றும், பி.டி.ஓ. தேவையில்லை, எந்தச் சின்ன வண்டியும் இழுக்கும். ஆக உங்களுக்கு 35 முதல் 40 எச்.பி.க்குள் ஒரு வண்டி போதும்.

விதைக்கும்போது நெருக்கமாக விதையுங்கள், தண்டு மெலிசாக வரும், சீக்கிரம் காயும். தடித்த தண்டு வெளியே காய்ந்தாற்போல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், போரில் பூஞ்சணம் பிடிக்கும். இளம் சோளத்தில் விஷம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பூ எடுத்த பிறகே அறுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மணி மீட்டரில் 2,100 மணி காட்டுகிறது. வாங்கலாமா?

மீட்டரை நம்பாதீர்கள், மாற்றுவது பெரிய காரியமில்லை. கிளட்ச் மிதியின் ரப்பரையும், ஸ்டியரிங் எவ்வளவு வெறுமனே ஆடுகிறது என்பதையும் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. பின்னால் ஒரு ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அது கீழே இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் செலவு காத்திருக்கிறது. தூக்கிப் பார்ப்பதோடு விடாமல், அதே ரோட்டவேட்டரைக் கால் மணி நேரம் மண்ணில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பி.டி.ஓ. கிளட்ச் நழுவினால் அப்போது தெரிந்துவிடும்.

நம் டெல்டா வண்டிகளுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. சேற்றுழவுக்கு இறங்கிய வண்டியில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். கியர் பெட்டி ஆயில் வெளிறிப் பால் நிறத்தில் இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் ரத்தாகியிருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

தஞ்சாவூரிலிருந்து: எடுப்பதே எடுக்கிறோம், 55 எச்.பி. எடுத்தால் என்ன? வரியும் குறைந்துவிட்டதே.

வரி குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பேலருக்கும் அப்படியே. ஆனால் 50 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. எஞ்சினில் கணினி, சென்சார் எல்லாம் வந்து, விலையும் ஏறிவிட்டது. 49 எச்.பி., 49.5 எச்.பி. என்று இத்தனை மாடல்கள் விற்பதற்கு இதுதான் காரணம். சென்சார் கோளாறு வந்தால் தெருமுனை மெக்கானிக் கை வைக்கமாட்டார், கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரவேண்டும். சிறு பண்ணைக்கு 50-க்குள் நிற்பது நல்லது.

மானியம் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில், உழவன் செயலி வழியாகப் பதியலாம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு மற்றவர்களை விட மானியம் அதிகம். கருவிக்குக் கருவி உச்சவரம்பு உண்டு. அனுமதி கைக்கு வருமுன் பணம் கட்டி வண்டி எடுத்துவிட்டால் மானியத்தை மறந்துவிடவேண்டியதுதான்.

நீடாமங்கலத்திலிருந்து: 4 வீல் டிரைவ் தேவையா?

தை, மாசியில் காய்ந்த சம்பா வயலில் வைக்கோல் கட்ட மட்டும் என்றால் தேவையில்லை. சேற்றுழவும் சேர்த்துச் செய்வதானால் எடுங்கள்.

நம் பக்கம் இதைவிடப் பெரிய பிரச்சினை உளுந்து. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறோம். அறுவடை மிஷின் போனபிறகு பேலர் வருவதற்குள் முளைத்து நிற்கும். அதன்மேல் டிராக்டர் திரும்பித் திரும்பி ஓடினால் முளை போச்சு. அறுவடை மிஷின் போன தடத்திலேயே டிராக்டரை விடச் சொல்லுங்கள், திரும்புவதை வரப்போரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுத்த இரண்டு, மூன்று நாளில் வைக்கோலை எடுத்துவிடுவது உளுந்துக்கும் நல்லது, வைக்கோலுக்கும் நல்லது. பேலர்காரரிடம் அறுவடை தேதியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: குறுவை வைக்கோல் எப்போதும் ஈரமாகவே இருக்கு. பெரிய வண்டி போட்டால் கட்டிவிடலாமா?

கட்டிவிடலாம், சாப்பிட மாடு வராது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டுக்குள் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், போர் தானாகவே தீப்பிடித்ததும் உண்டு. ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உலர்ந்த பாட்டிலில் பொடி உப்பைப் போட்டு, நறுக்கிய வைக்கோலையும் போட்டு இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் கட்டலாம். கட்டி தட்டினால் இன்னொரு வெயில் காத்திருங்கள். மழை விடாத வருஷம் குறுவை வைக்கோலைப் பச்சையாகவே மாட்டுக்குப் போட்டுவிட்டு, சேமிப்புக்குச் சம்பாவை நம்புங்கள்.

அதே ஊரிலிருந்து: வைக்கோல் கட்டும்போது வண்டி சூடேறி நிற்கிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றுமுன் முன் கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் பதரும் வலையை அடைத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எஞ்சினை அணைத்துச் சுத்தம் செய்யுங்கள், காற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊதவேண்டும். ஏர் ஃபில்டரையும் தினமும் பாருங்கள். சைலன்சர் மேல் சேர்ந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, ஒரு கேன் தண்ணீரை வண்டியிலேயே வைத்திருங்கள்.

வல்லத்திலிருந்து: பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது. இல்லாமலே ஓட்டலாமா?

கூடாது. 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. லுங்கி நுனியோ துண்டோ மாட்டினால் கத்துவதற்குள் ஆளை இழுத்துவிடும். புது உறை போட்டுவிட்டு ஓட்டுங்கள். அடைத்த வைக்கோலை இழுத்து எடுப்பதும் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான்.

கடைசியாக ஒரத்தநாட்டிலிருந்தே: அதெல்லாம் சரி மாமா, எந்தக் கம்பெனி வண்டி எடுக்க?

மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744, மாசி 241, குபோட்டா 4501, எல்லாமே பேலர் இழுக்கும் மாப்பிள்ளை. தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் எந்தக் கம்பெனி மெக்கானிக் வயலுக்கு வருவார் என்று, ஏற்கெனவே வைத்திருக்கும் நாலு பேரிடம் கேள். அவர்கள் சொல்வதை எடு, இரட்டை கிளட்ச் உள்ளதாக.