எலும்பில் வைக்கும் சிமென்ட் காலம் முழுக்க உள்ளேயே இருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. கீழே விழுந்ததில் முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு அமுங்கி உடைந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் உண்டாகும் பள்ளத்தில் பிசைந்து வைக்கும் எலும்பு சிமென்ட்டை நிரப்பி, பிளேட் பொருத்தப் போகிறார்களாம். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட மாமாவுக்கும் சிமென்ட்தான் வைத்தார்கள். இரண்டும் ஒன்றா? இது கரைந்துவிடுமா?

பதில்: அநேகமாக ஒன்றல்ல. மாமாவுக்கு வைத்தது பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் வகையாக இருக்கும். 1950களின் கடைசியில் ஜான் சார்ன்லி என்ற பிரிட்டிஷ் சர்ஜன் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையில் பயன்படுத்திப் பரவலாக்கியது. தூளையும் திரவத்தையும் கலந்தால் மாவுப் பதத்துக்கு வந்து, சுமார் கால் மணி நேரத்துக்குள் நன்றாகச் சூடாகி இறுகும். எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து கெட்டியாவதால்தான் பிடிப்பு, எலும்போடு ஒட்டுவதில்லை. வலுவானது. ஆனால் கரையாது, எலும்பாகவும் மாறாது.

அம்மாவுக்குப் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் வைப்பார்கள். 1980களில் பிரவுன், சௌ என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய வகை இது. பெரிதாகச் சூடாகாமல் உடல் வெப்பத்திலேயே இறுகி, எலும்பின் தாதுப்பொருளை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறும். இடுப்பெலும்பிலிருந்து சொந்த எலும்பைச் சுரண்டி எடுத்து நிரப்பினால், எடுத்த இடத்தில் வலி கொஞ்ச நாளைக்குப் படுத்தும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

கரையுமா என்றால், மெதுவாகக் கரையும். உடல் ஓரங்களிலிருந்து அரித்து அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கும். மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில் மிச்சம் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். கால்சியம் சல்பேட் என்ற இன்னொரு வகை சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும்; புது எலும்பு வளரும் வேகத்தை அது முந்திவிடுவதும் உண்டு.

ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இந்த இடத்தில்தான். செல்களும் ரத்தக் குழாய்களும் உள்ளே வர பெரிய துளைகள் வேண்டும். துளைகள் கூடினால் வலு குறையும். ஏற்கெனவே கால்சியம் பாஸ்பேட் அழுத்தத்தைத் தாங்குமே தவிர, வளைத்தாலோ முறுக்கினாலோ கண்ணாடி மாதிரி உடையும். அதற்காகத்தான் பிளேட். அப்படி உடையாமலிருக்க நுண்ணிழைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கரைந்து ஓடாமலிருக்க ஆல்ஜினேட், ஹயலுரானிக் அமிலம் போன்ற பிசுபிசுப்பான பொருட்களைக் கலக்கிறார்கள். கையில் உருட்டி வடிவம் கொடுக்க நேரம் தர வேண்டும், உள்ளே வைத்ததும் சீக்கிரம் இறுகவும் வேண்டும். சர்ஜன்கள் நாங்கள் ஆசைப்படுவதற்கு அளவில்லை! புதுசாக வந்த சிமென்ட்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்காதீர்கள். மூட்டுப் பரப்பை எவ்வளவு சமமாக நிறுத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அறுவைக்கு முன் எந்த வகை சிமென்ட் என்று கேளுங்கள். சிலவற்றில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். அம்மாவுக்கு மருந்து அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிமென்ட் இறுகிவிட்டதே என்று உடனே காலை ஊன்ற விடாதீர்கள். இந்த முறிவில் பெரும்பாலும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும், எப்போது என்பதை உங்கள் சர்ஜன் சொல்வார். அப்புறம் காய்ச்சல் வந்தாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.