ஜீ.பீ.ஏ. நோய் நுரையீரலை என்ன செய்யும்?

அம்மாவுக்கு ஜீ.பீ.ஏ. (கிரானுலோமட்டோசிஸ் வித் பொலியாஞ்சைட்டிஸ், சிறு இரத்தக் குழாய்களில் அழற்சி வரும் நோய்) என்கிறார்கள், நுரையீரலில் கட்டிகள் இருக்கின்றன, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய் இல்லை. என் அக்காவுக்கும் இதே நோய்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதே கேள்வியோடு பல இரவுகள் தூங்காமல் இருந்தோம்.

அக்காவுக்கு முதலில் வந்தது பீனிசம் என்றே நினைத்தோம். மாதக்கணக்கில் மூக்கடைப்பு, மூக்குக்குள் இரத்தம் காய்ந்த பொருக்கு. பிறகு இருமல், சளியில் இரத்தம். எக்ஸ்ரேயில் நடுவே குழி விழுந்த கட்டிகள். அந்தப் படத்தைப் பார்த்தால் இங்கே எவருக்கும் முதலில் காசநோய்தான் ஞாபகம் வரும். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை.

உண்மையில் இது இரத்தக் குழாய்களின் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சின்னஞ்சிறு குழாய்களையே தாக்குகிறது. அழற்சி திரண்ட இடம் கட்டியாகிறது, அதன் நடுப்பகுதி செத்துக் குழியாகிறது. காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் சிதைந்தால் நுரையீரலுக்குள்ளேயே இரத்தம் கசியும். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். இருமலில் ஒரு துளி இரத்தம்கூட வராமல் இருக்கலாம். ஆனால் மூச்சு வாங்கும், ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கும். அப்படியென்றால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அக்காவின் நோயைக் காட்டிக் கொடுத்தது சாதாரண சலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் புரதமும் இருந்தன, வலியே இல்லை. அதன் பிறகுதான் அன்கா என்ற இரத்தப் பரிசோதனையும் பயொப்சியும் (சிறு துண்டுத் திசு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும் நோய் இது. அம்மாவுக்குச் சலமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்த்தார்களா என்று நாளைக்கே கேளுங்கள்.

வெகெனர் நோய் என்று பழைய பெயரில் இணையத்தில் தேடினால் பயங்கரமான கதைகள் வரும். 1950களில், சரியான மருந்து இல்லாத காலத்தில், நோயாளிகள் சராசரியாக 5 மாதமே உயிரோடு இருந்தார்கள். இன்று ஸ்டெரொயிட்டோடு ரிட்டுக்ஸிமாப் அல்லது சைக்ளோபொஸ்பமைட் கொடுக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்குகிறது. திரும்பவும் வரக்கூடியது என்பதால் கிளினிக்கை மட்டும் விடக்கூடாது.

அக்காவுக்கு ரிட்டுக்ஸிமாப் ஏற்றினார்கள். சில மாதங்களில் எடுத்த ஸ்கானில் கட்டிகள் நன்றாகச் சுருங்கியிருந்தன. இந்த மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் இன்றும் அவளுக்கு இலேசாகக் காய்ச்சல் அடித்தாலே டொக்டரிடம் போய்விடுகிறோம்.